84 சதவீதத் தேர்ச்சி உள்ள அரசுப் பள்ளியில் மகளைத் தொடர விடலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் மலேசியாவில் ஓர் உணவகத்தில் சமையல் மாஸ்டர். ஒரே மகள் ஊரிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் 8ஆம் வகுப்பை முடிக்கப் போகிறாள். வகுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவள், டாக்டராக வேண்டும் என்கிறாள். 9 முதல் 12 வரை உதவித்தொகை தரும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். போன மே மாதம் அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 100 சதவீதத்திலிருந்து 84க்கு இறங்கியது. முந்தைய ஆண்டு எழுதிய 31 பேரும் பாஸ். இந்த முறை 38 பேர் எழுதி 32 பேர் பாஸ். அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. "அங்க படிக்கிறதுல பாதி சூளைக்காரப் பிள்ளைங்க, மிச்சம் வடக்கத்திப் பிள்ளைங்க. கூட உக்காந்தா உன் பிள்ளையும் கெட்டுப்போகும்" என்கிறார் நாத்தனார். காரைக்குடியில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் விசாரித்திருக்கிறார்கள். கட்டணம், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000 ரூபாய் ஆகும்.

அவருடைய கேள்விகள்: 9ஆம் வகுப்பில் மாற்றிவிடலாமா? 9, 10 மட்டும் தனியாரில் படித்துவிட்டு 11க்கு அரசுப் பள்ளிக்குத் திரும்பினால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்துவிடும், நீட்கூட வேண்டாம் என்று டியூஷன் ஆசிரியர் சொல்கிறாரே, உண்மையா? தேவகோட்டையில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தால் அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே? எந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் ஃபெயில் என்ற விவரத்தைப் பள்ளியிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா?

அன்புள்ள அம்மா,

மகளின் படிப்புக்காக இத்தனை விசாரித்திருக்கிறீர்கள். கணவர் கடல் தாண்டி உழைத்து அனுப்பும் பணம் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி கடைசியில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. "அந்தப் பரீட்சைக்கு முந்தைய ஜூலையில் கணக்கு சார் மாறுதலில் போய்விட்டார், அரையாண்டுக்குப் பிறகுதான் வேறு டீச்சர் வந்தார், ஃபெயிலான ஆறு பேரில் ஐந்து பேர் கணக்கில்தான் போனார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று ஆராய்வதற்கு முன் இந்த வரியைத்தான் நீங்களும் உங்கள் நாத்தனாரும் திரும்பப் படிக்க வேண்டும்.

84 என்ற எண் என்ன சொல்கிறது

38 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை ஏறக்குறைய 2.6 சதவீதம். கணக்கில் போன ஐவரில் மூன்று பேர் 35 மதிப்பெண்ணை எட்டியிருந்தால் தேர்ச்சி 92 ஆகியிருக்கும். ஐந்து பேரும் எட்டியிருந்தால் 97. ஐந்து மாதம் கணக்கு ஆசிரியர் இல்லாத ஒரு வகுப்பில், முன்பே தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் முதலில் விழுவார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் டியூஷனிலோ, அண்ணன் அக்காவிடமோ ஈடுகட்டிக்கொள்வார்கள். முந்தைய ஆண்டின் 100 சதவீதத்தைப் பார்த்து அந்தப் பள்ளி மிகச் சிறந்தது என்று முடிவு கட்டியிருந்தால் அதுவும் தவறுதான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓர் ஆண்டின் சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்று ஆண்டு எண்களையாவது அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தேர்ச்சி சதவீதத்தில் இன்னொரு குறையும் உண்டு. தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். எழுத வராதவர்கள் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழித்தாள் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை என்று செய்தி வந்தபோதுதான் பலருக்கும் இந்த ஓட்டை தெரிந்தது. 9ஆம் வகுப்பில் 44 பேர் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 38 பேர்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால் மற்ற ஆறு பேர் எங்கே? ஃபெயிலான ஆறு பேருக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, ஒரே கோடையில் கரை சேரலாம். காணாமல் போன அந்த ஆறு பேரை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் கவலை.

அதே அளவுகோலைத் தனியார் பள்ளிக்கும் வையுங்கள். வாசலில் "100% தேர்ச்சி" என்று பேனர் கட்டும் பள்ளியில், அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர், அதே பிள்ளைகள் 9ஆம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். 9ஆம் வகுப்பு முடிவில் பலவீனமான பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குத்தான். யாரையும் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் 84ஐயும், சலித்து எடுத்துக்கொள்ளும் பள்ளியின் 100ஐயும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

யாரோடு படிக்கிறாள் என்பது

உங்கள் நாத்தனார் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். செட்டிநாட்டுக் கிராமப் பள்ளிகளில் இருக்கும் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. ஊரில் இருப்பவர்களில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைக் காலையில் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் கொத்தனார், சித்தாள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கல்யாணச் சமையல், செங்கல் சூளை, கரிமூட்டம் என்று அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் சிலர்.

இவர்களுக்கு மதிப்பெண் குறைவதற்குக் காரணம் புத்தி அல்ல, நாட்காட்டி. பொங்கல் கழிந்து மழை ஈரம் காய்ந்ததும் சூளை வேலை சூடுபிடிக்கும். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகள் நடப்பதும் அதே ஜனவரி முதல் மார்ச் வரைதான். பெற்றோரோடு சூளைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு மூன்று திருப்புதலும் போய்விடும். இடையில் வந்து சேர்ந்த வெளிமாநிலப் பிள்ளைக்குச் சிக்கல் வேறு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்தான் முதல் பாடம். ஏழாம் வகுப்பில் வந்து "அ" எழுதத் தொடங்கியவள் நான்கு ஆண்டுக்குள் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளை எழுத வேண்டும். இந்தக் கஷ்டங்களில் எதுவும் பக்கத்து பெஞ்சுக்குத் தொற்றுகிற வியாதி அல்ல. உங்கள் மகள் அவர்களோடு படித்துத்தான் இதுவரை வகுப்பில் முன்னால் நிற்கிறாள்.

உங்கள் மகளைப் பாதிக்கக்கூடியது ஒன்று உண்டு. வகுப்பின் வேகம். பாதிப் பேருக்கு வகுத்தல் வராதபோது ஆசிரியர் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும், முன்னால் ஓடக்கூடிய பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பாள். இதற்காகத்தான் 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை "திறன்" திட்டம் வந்தது. அடிப்படை வராத பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் தனிப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. உங்கள் பள்ளியில் அந்த நேரத்தில் உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். "சும்மா இருக்கிறாள்" என்பது பதிலானால், மேல் வகுப்புக் கணக்கோ ஆங்கில வாசிப்போ கொடுக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விட்டால் திரும்பக் கிடைக்காதவை

டியூஷன் ஆசிரியர் சொன்ன இரண்டுமே தவறு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைக் கொடுத்த 2020ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. நடுவில் இரண்டு ஆண்டு தனியாருக்குப் போனால் சங்கிலி அறுந்துவிடும், 11க்குத் திரும்பி வந்தாலும் ஒட்டாது. ஒரு விதிவிலக்கு உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் 8 வரை தனியாரில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அவர் அதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கலாம். நீட் எழுதித் தகுதி பெற்றே ஆக வேண்டும். ஒதுக்கீடு தருவது அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் தனித் தரவரிசை, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவு" மிகப் பெரியது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இதே 7.5ஐப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரித்தது. மகளின் ஆசை நாளை மாறினாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

அடுத்தது உதவி பெறும் பள்ளி. நம் பகுதியில் இந்தக் குழப்பம் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. இங்கே பழைய பள்ளிகள் பலவும் ஊர்ச் செட்டியார் குடும்பங்கள் சொந்தப் பணத்தில் கட்டி எழுப்பியவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் மக்கள் அவற்றையும் கவர்ன்மென்ட் ஸ்கூல் என்றே சொல்கிறார்கள். பல தலைமுறைகளைப் படிக்க வைத்த நல்ல பள்ளிகள் அவற்றில் உண்டு. ஆனால் 7.5 ஒதுக்கீட்டுக்கு உதவி பெறும் பள்ளி அரசுப் பள்ளி ஆகாது. திறனறித் தேர்வு உதவித்தொகைக்கு ஆகும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் ஆகும், ஆங்கில வழி என்றால் ஆகாது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், "இது அரசா, அரசு உதவியா?" என்று அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

திறனறித் தேர்வில் மகள் தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். தனியார் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அது கிடையாது. மெட்ரிக்கில் ஆங்கில வழிக்கு மாறினால் இன்னொன்றும் போகும். அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குக் கேட்கும் தகுதிவரை முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள வேலைக்கு 1 முதல் 10 வரை. எட்டு ஆண்டு நடந்துவிட்ட மகள் கடைசி இரண்டு ஆண்டில் அதை விடுவாள்.

இன்னொரு பக்கம் நான்கு ஆண்டுகளில் நீங்கள் கட்டப்போவது 2,80,000 ரூபாய், அதுவும் கட்டணம் ஏறாமல் இருந்தால். அந்தப் பணத்துக்குத் தனியார் பள்ளி எதுவுமே தராது என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் இடம் நடுவில் மாதக் கணக்கில் காலியாகக் கிடப்பது குறைவு, ஆங்கிலத்தில் பேசும் பழக்கம் வரும். இந்த இரண்டுக்கும் 2,80,000 கொடுத்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் கைவிடுவது உங்கள் மகளுக்கு நட்டம் என்பது என் கருத்து.

மூன்றாவது வழி

இந்தப் பள்ளியா, அந்த மெட்ரிக்கா என்று இரண்டை மட்டும் வைத்து யோசிக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளி உயர்நிலைப் பள்ளி, பத்தோடு முடிந்துவிடும். 11க்கு எப்படியும் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். பஸ் வசதி உள்ள தூரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று இருந்தால் 9ஆம் வகுப்பிலேயே அங்கே சேர்க்கலாம். அரசிலிருந்து அரசுக்கு மாறுவதால் 7.5, திறனறி உதவித்தொகை, புதுமைப் பெண் எதுவும் போகாது. ஆசிரியர்கள் அதிகம் இருக்கும் பள்ளியில் ஒருவர் மாறுதலில் போனால் இன்னொருவர் தாங்கிப் பிடிப்பார். மகள் டாக்டர் கனவில் இருப்பதால் அங்கே உயிரியல் பிரிவு இருக்கிறதா, இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு முதுநிலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள். எல்லா அரசு மேல்நிலைப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் கிடையாது. விடுதியோடு கூடிய அரசு மாதிரிப் பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. அதற்கான தேர்வுமுறையை உங்கள் தலைமையாசிரியரே சொல்வார்.

இருக்கும் பள்ளியிலேயே தொடர்வதும் தவறான முடிவல்ல, புதிய கணக்கு ஆசிரியர் நிலையாக இருந்தால். மகளுக்கு அந்தப் பள்ளி பிடித்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவளிடம் கேளுங்கள். 14 வயதுப் பெண்ணைத் தோழிகளிடமிருந்து பிரித்துக் காலை ஏழு மணிக்கு வேனில் ஏற்றப்போவதும் அவளுடைய படிப்பைப் பாதிக்கும் விஷயந்தான்.

பள்ளியிடம் கேட்க வேண்டியதும், கேட்கக் கூடாததும்

தலைமையாசிரியரைப் பார்க்க மாலை நேரத்தில் போங்கள், குறை சொல்லும் தொனி வேண்டாம். கேட்க வேண்டியவை இவை:

1. கடந்த மூன்று ஆண்டுகளில் 9ஆம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்பு எழுதியவர் எத்தனை பேர், தேர்ச்சி எத்தனை, 500க்கு 400க்கு மேல் எத்தனை பேர்? உங்கள் மகளுக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். சராசரிப் பிள்ளையைப் பாஸ் செய்ய வைப்பதும் நல்ல பிள்ளையை மேலே கொண்டுபோவதும் வேறு வேறு திறமை.
2. எந்தப் பாட ஆசிரியர் இடம் இப்போது காலி? அடுத்த கலந்தாய்வில் யாராவது மாறுதல் கேட்டிருக்கிறார்களா?
3. பத்து முடித்தவர்கள் எந்தப் பள்ளியில், எந்தப் பிரிவில் சேர்ந்தார்கள்?

தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்திடம் தகவல் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். மொத்த எண்ணிக்கைகள் கிடைக்கும். யார் யார் ஃபெயில், அவர்கள் என்ன சாதி என்பது அந்தப் பிள்ளைகளின் தனிப்பட்ட தகவல், அதைக் கேட்டாலும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. சாதிவாரியாக எண்ணிக்கை மட்டும் கேட்டாலும் 38 பேரைப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் நாலு பேர், ஆறு பேர் வருவார்கள். அதிலிருந்து எந்த உண்மையும் தெரியாது. ஊருக்குள் நாலு வீட்டைக் கைகாட்டத்தான் அது உதவும். தயவுசெய்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் ஊரில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த தேர்தலில் நீங்கள் நில்லுங்கள். ஆசிரியர் இடம் காலியானால் அந்தக் குழுவின் வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்துக்கொள்ள 2022இல் அரசு அனுமதித்தது. கணக்கு சார் போன அந்த ஜூலையிலேயே யாராவது இதைக் கூட்டத்தில் எழுப்பியிருந்தால் ஐந்து பிள்ளைகளின் கணக்குப் பரீட்சை வேறு மாதிரி போயிருக்கலாம். காணாமல் போன அந்த ஆறு பேரைப் பற்றியும் அங்கேதான் பேச வேண்டும். சூளை சீசனில் பிள்ளையை ஊரிலேயே இருத்திப் படிக்க வைக்க அரசு நல விடுதிகள் இருக்கின்றன, சூளைக்குப் போகும் பெற்றோர் பலருக்கு அது தெரிவதில்லை.

இதையெல்லாம் யோசித்த பிறகும் மெட்ரிக்தான் என்று நீங்களும் கணவரும் முடிவெடுத்தால், அது உங்கள் உரிமை. அப்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசின் குழுதான் நிர்ணயிக்கிறது. 9ஆம் வகுப்புக்குக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்ற ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். பிறகு வெளியே வர நினைக்கும்போது கட்டணப் பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்தி வைத்தால் பயப்பட வேண்டாம். கட்டணம் வசூலிக்கும் கருவியாக டிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

எந்த முடிவானாலும் மே மாதத்துக்குள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். மகள் பெயரில் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். திறனறித் தேர்வில் தேர்வானவர்கள் 9ஆம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து, பள்ளி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஆதாரில் உள்ள பெயருக்கும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இன்ஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது வரை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் 11, 12க்கும் அந்த உதவித்தொகை தொடரும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55. புதிய பள்ளிக்கு மாறுவதாக இருந்தால், பழைய பள்ளியின் கணினிப் பதிவிலிருந்து மகளை விடுவித்துப் புதிய பள்ளி எடுத்துக்கொண்டதா என்று ஜூன் முதல் வாரத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.